நேராக வெட்டிய குழி

அத்தியாயம் 14

போன வாரம் ஷோபாவை ஓர் அரசு அலுவலகத்து மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். நியாயமில்லைதான். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு எழுந்து போகத் தெம்பும் இல்லை, போக வேறு இலாகாவும் பாக்கி இல்லை.

ஆனேக்கல் தாண்டி அம்மா சந்திரம்மாவின் பேரில் இருக்கும் மானாவாரி நிலத்தில் பூ போட வேண்டும். அதற்குச் சொட்டுநீர்க் குழாய் வேண்டும். இதுதான் அவள் கேட்டது. விவசாய இலாகாவில் கேட்டால், பூ என்றால் தோட்டக்கலைக்குப் போம்மா என்றார்கள். தோட்டக்கலையில், போர்வெல் வற்றிப்போன நிலத்தில் எதைச் சொட்டவிடப் போகிறாய் என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. தண்ணீருக்கு வழி கேட்டு இன்னொரு மாடி ஏறினால், உங்கள் ஊர் இந்த வருஷம் எங்கள் கணக்கில் வரவில்லை என்று கையை விரித்தார்கள்.

கடைசியில் கை கொடுத்தவர் ஸ்ரீகண்டன். விதையும் உரமும் விசாரிக்க விவசாயிகள் வந்து போகிற உள்ளூர் விவசாய ஆபீசின் அதிகாரி. அவர்தான் ‘கிருஷி ஹொண்டா’ என்ற வார்த்தையைச் சொன்னார். பண்ணைக் குட்டை. மழைத்தண்ணீரைத் தேக்கிவைக்க நிலத்திலேயே ஒரு குளம். வெட்டவும், அடியில் தார்ப்பாய் விரிக்கவும், சுற்றி வேலி போடவும் அரசாங்கம் உதவி செய்யும்.

ஒரே ஒரு நிபந்தனையை அவர் அழுத்திச் சொல்லியிருந்தார். குட்டை வரப்போகிற இடத்தை முதலில் அவர் வந்து போட்டோ எடுக்க வேண்டும். அதுவரை அங்கே கடப்பாரை விழக்கூடாது.

வீட்டில் சந்திரம்மாவின் தீர்ப்பும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். குட்டை கிடைத்தால் நிலம் ஷோபாவின் பூவுக்கு. கிடைக்காவிட்டால் தம்பி குணசேகர் சொன்னபடி கன்டெய்னர் லாரி நிறுத்துகிற யார்டுக்கு, நீண்டகாலக் குத்தகை. யார்டுக்காரன் ஜல்லி கொட்டி கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் அங்கே புல்கூட முளைக்காது.

வியாழக்கிழமை காலையில் ஸ்ரீகண்டனே போன் செய்தார். சனிக்கிழமை வருவதாக இருந்தவர், இன்றைக்கே வருகிறேன் என்றார். நாளையிலிருந்து அவருக்கு வேறு டூட்டி. இன்றைக்கு விட்டால் இந்த மழைக்கு இல்லை.

ஷோபா, வீடு இருக்கிற தொம்மலூரிலேயே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மேனேஜருக்கு வயிற்றுவலி என்று மெசேஜ் போட்டாள். ஒரு கையால் தலையை வாரிக்கொண்டே இன்னொரு கையால் செருப்பைத் தேடினாள். செருப்பு கிடைத்தது, சீப்பு தொலைந்தது.

சந்திரம்மா குழாயடியில் புருஷனின் பேன்ட்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஆபீசர் இன்னைக்கே வர்றாராம். நீயும் வர்றியா? உன் நெலம்தானே.”

“நான் எதுக்கு. நீ போயிட்டு வா.”

சொல்லிவிட்டு நிமிராமலே, உங்க நைனாகிட்ட சொன்னியா என்று கேட்டாள். நைனா காலையிலேயே சிவாஜிநகருக்கு எத்திராஜ் மாமாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாரே, அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாள் ஷோபா. அவள் கவலை அவளுக்கு.

சந்திரம்மா பேன்ட்டை முறுக்கிப் பிழிந்தாள். பக்கெட்டுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. சிவாஜிநகர் மார்க்கெட்டில் எத்தனையோ விதமான அழுக்கு உண்டு, செம்மண் மட்டும் கிடையாது. அது ஷோபாவின் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சில்க் போர்டில் வழக்கம்போலப் பஸ் நின்றது. முன்னால் நின்றது லாரி, பின்னால் நின்றது லாரி. எல்லாம் ஓசூர் ரோட்டுக் கன்டெய்னர் லாரிகள். இதையெல்லாம் கொண்டுபோய் நிறுத்தத்தான் என் நிலத்தைக் கேட்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலம் அவளுடையது இல்லை, அம்மாவுடையது. ஆனால் மனதுக்குள் எப்போதோ பட்டா மாற்றிவிட்டாள்.

புகுந்த வீடு சரிப்படாமல் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் பிறத்தியார் தரையைத்தான் துடைக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நில் என்றால் நின்று, வா என்றால் வந்து. யாரும் எதுவும் சொல்லாத ஓர் இடம், சாயங்காலம் சாமந்தியை எண்ணிப் பார்க்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க ஓர் இடம் வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு இல்லை.

பொம்மசந்திராவில் குணசேகர் நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்க பைக்கோடு நின்றான். உதிரிபாகத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. இந்த மாசம் உண்டு, அடுத்த மாசம் தெரியாது. அவனுக்கு யார்டு வாடகை வந்தால் ராத்திரித் தூக்கம் வரும். அவனையும் குறை சொல்ல முடியாது.

அக்காவை ஏற்றிக்கொண்டு பேசாமலே ஓட்டினான். சந்தாபுரா தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

“அவரு சரின்னுட்டா வேலைய விட்டுடுவியாக்கா?”

“அன்னைக்கே விட்டுடுவேன்.”

அவன் ஏதோ சொல்ல வந்து, ஹாரன் அடித்தான். ரோட்டில் முன்னால் யாரும் இல்லை.

நிலத்துக்குத் திரும்புகிற மண்பாதையிலேயே ஸ்ரீகண்டனின் ஸ்கூட்டரைப் பிடித்துவிட்டார்கள். ஷோபாவுக்கு உயிர் வந்தது. கிழக்கு மூலைதான் சார் பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் அங்கேதான் ஓடும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

கிழக்கு மூலையில் மூன்று சவுக்குக் கட்டைகள் தலையைச் சேர்த்துக் கட்டி நின்றன. உச்சியில் ஒரு ராட்டினம். ராட்டினத்தில் கயிறு. கயிற்றின் முனை பூமிக்குள் போயிருந்தது.

பக்கத்தில் செம்மண் குவியல்மேல் எத்திராஜ் மாமா, தலையில் துண்டோடு. அவரோடு தேசிகன் மாமா. இருவரும் கயிற்றை இழுக்க, கூடை நிறைய மொரம்பு மண் மேலே வந்தது. பூமிக்குள்ளிருந்து, “மெதுவா, மெதுவா” என்று ஒரு குரலும் வந்தது. ஷோபாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல்.

“நைனா?”

 ஏணி ஆடியது. முதலில் பழைய மஞ்சள் ஹெல்மெட், அப்புறம் முகம், அப்புறம் முழு ராமலிங்கம். கோலார் தங்கவயலில் பாறை உடைத்தவர். சுரங்கத்தை மூடியபிறகு பெங்களூருக்கு வந்து, அபார்ட்மென்ட் கேட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை ஷோபா பார்த்ததில்லை. அதனால்தான் திட்ட வந்த வாய் அப்படியே நின்றது.

“சனிக்கெழமைன்னு தானேம்மா சொன்ன? அதுக்குள்ள முடிச்சிரலாம்னு பாத்தோம்.”

“என்னத்த முடிக்கிறது?”

ராமலிங்கம் விளக்கினார். சுரங்கத்தில் இன்ஜினியர் புதிதாக ஓர் இடத்தைப் பார்க்க வருகிறார் என்றால், கேங்க் முதலில் இறங்கிச் சின்னதாக ஒரு சோதனைக் குழி போட்டு, கீழே மண்ணா பாறையா என்று பார்த்துவைக்கும். வெறும் தரையைக் காட்டி ஓர் அதிகாரியை நிறுத்திவைப்பது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. பெண் இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கி ஒருவரைக் கூட்டிவருகிறாள், அவர் முன்னால் அவள் தலைகுனியக் கூடாது. எத்திராஜும் தேசிகனும் அதே கேங்க். கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள்.

போட்டோ எடுக்கும்வரை தரையைத் தொடக்கூடாது என்று ஷோபா வீட்டில் சொன்னபோது அவரும் அங்கேதான் இருந்தார். கேட்டார், மறக்கவும் இல்லை. அது ஜேசிபி விட்டுப் பெரிதாக வெட்டுகிறவர்களுக்குச் சொன்னது, சோதனைக் குழிக்கு அது ஏது என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

ஸ்ரீகண்டன் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஆள் உயரத்தைத் தாண்டி, நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தது. சரியாமல் இருக்கக் கட்டை முட்டு வேறு கொடுத்திருந்தார்கள். அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“ஏனம்மா இது?” என்றார். அவர் பேசியது கன்னடம், என்னம்மா இது என்று அர்த்தம். இந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது தாய்மொழி. கோபம் இல்லாமல் வருத்தத்தோடு அவர் சொன்னது இதுதான். வேலை ஆரம்பித்துவிட்ட இடத்தை நான் எழுத முடியாது. எழுதினால் ஏற்கெனவே இருந்த குழிக்கு உதவி வாங்கினதாக ஆகும். அது மட்டுமில்லை, குட்டையை இப்படி நேராக வெட்டவே கூடாது.

“ஏன் சார்?” என்று கேட்டது எத்திராஜ். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நாலு பக்கமும் சரிவா இருக்கணும். தண்ணி பாரத்துல கரை உள்ள விழக்கூடாது. மாடோ மனுஷனோ தவறி விழுந்தாலும் கால வெச்சு ஏறி வந்துடணும்.”

ராமலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்து வெளிச்சம் போய்விட்டது. ஷோபாவுக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அத்தனை கோபத்துக்கு நடுவிலும், இந்த வயசில் குழிக்குள் இறங்கினாரே என்றும் தோன்றியது.

அவள் சும்மா நிற்கிறவள் இல்லை. இலாகா இலாகாவாக ஏறியதில் ஒன்று கற்றிருந்தாள். முடியாது என்று சொன்னவரிடம் உடனே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

“சார், இந்த மூலை வேணாம். மேற்கு மூலையும் கொஞ்சம் பள்ளம்தான். அங்க யாரும் கை வைக்கல. அங்க போட்டுக் குடுப்பீங்களா?”

ஸ்ரீகண்டன் யோசித்தார். ஒரே நிலம், வேறு இடம். விதியில் தடை இல்லை. ஆனால் இந்தக் குழியை மூடிவிட வேண்டும், திறந்த குழியை வைத்துக்கொண்டு நான் எழுத மாட்டேன் என்றார். மூடிவிடுகிறோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாரும் என்றால், குணசேகரைத் தவிர.

மேற்கு மூலைக்கு ஷோபா கிட்டத்தட்ட ஓடினாள். குணசேகர் பின்தங்கினான். வரப்புகிட்டப் போனதும் ஏன் பின்தங்கினான் என்று தெரிந்தது.

மேற்கு மூலை நெடுக வரிசையாகக் கல் நட்டிருந்தது. தலையில் சிவப்புப் பெயின்ட். அது இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை. கிழக்கு மூலையில் வேலையாக இருந்தவர்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை போலிருக்கிறது.

“இது யாரோடது?” என்றார் ஸ்ரீகண்டன். “கல்லு என் விஷயம் இல்ல. பிடுங்கிப் போட்டா போட்டோ எடுத்துடலாம். ஆனா நெலத்துல தகராறு இருந்தா நான் எழுத முடியாது. இருக்கா, இல்லையா?”

அத்தனை முகமும் குணசேகர் பக்கம் திரும்பியது. அவன் பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“யார்டுக்காரன் நட்டது” என்றான்.

“குட்ட முடிவு தெரியட்டும்னு தானேடா சொன்னோம்? அதுக்குள்ள கையெழுத்து போட்டுட்டியா?”

“நான் போடலக்கா.”

“நீ போடலன்னா வேற யாரு?”

“அம்மா.”

ஷோபா சிரித்துவிட்டாள். சிரிக்கிற விஷயம் இல்லை, அவளால் நம்ப முடியவில்லை. தீர்ப்பு சொன்னவளே தீர்ப்பை மாற்றுவாளா? குணசேகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவே அவனைக் கூப்பிட்டு, அந்த ஆளை வரச்சொல்லு என்றாளாம். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லையாம். கையெழுத்து ஆயிற்று, வருகிற திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். அதுவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னாளாம். தனக்குச் சாதகமாக வந்ததை ஏன் கிளறுவது என்று அவனும் விட்டுவிட்டான்.

ஷோபா போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லும்மா” என்றாள் சந்திரம்மா. பின்னால் ஒரே இரைச்சல், தொம்மலூர்க் குழாயடி என்று ஷோபா எடுத்துக்கொண்டாள்.

“யார்டுக்காரன்கிட்ட கையெழுத்து போட்டியா?”

சத்தம் நின்றது. குழாயை மூடிவிட்டாள் போலிருக்கிறது.

“போட்டேன்.”

“ஏம்மா? நான் உனக்கு என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உங்க நைனா அங்க இருக்காரா?”

 ராமலிங்கம் வரப்பில் நின்று போனையே பார்த்தார்.

“இருப்பாரு” என்றாள் சந்திரம்மா. “அவரு துணிய நான்தானே தொவைக்கிறேன். மொத நாள் சேறப் பாத்தேன், பேசாம இருந்தேன். மறுநாளும் பாத்தேன். தங்கவயல்ல லைன் வீட்ல இருந்தப்ப, சுரங்கத்துல விபத்துன்னு சங்கு ஊதும்போதெல்லாம் அடுப்ப அணைக்காம ஓடுவேன். கேட்ல போய் நிப்பேன். ஒவ்வொரு தடவையும் மேல வந்த ஆளுங்களப் பாத்து, இவரு இல்ல, இவரு இல்லன்னு நின்னுருக்கேன். ஒருவாட்டி விடியற வரைக்கும் வரல. சுரங்கத்த மூடினப்ப ஊரே அழுதுச்சு. நான் அழல. சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். இப்ப மறுபடியும் குழிக்குள்ள எறங்குறாரு. சொன்னா கேப்பாரா? கான்கிரீட் போட்டுட்டா எங்க எறங்குவாரு?”

போன் வைக்கப்பட்டது.

 பெண்ணுக்கு உதவி செய்யப் போய் அப்பா குழி வெட்டினார். குழியைக் கண்டு அம்மா நிலத்தையே எழுதிக்கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் பாசத்தில்தான் செய்தார்கள், நடுவில் நசுங்கியது ஷோபாவின் சாமந்தி. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராமலிங்கம்தான் முதலில் பேசினார்.

“இத்தன வருஷத்துல ஒருநாள்கூட அவ எங்கிட்ட சொன்னதில்லம்மா.”

“நீங்க கேட்டீங்களா நைனா?”

அவர் கேட்டதில்லை.

ஸ்ரீகண்டன் இருமினார். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது, இதெல்லாம் புரியாதவர் இல்லை. ஆனால் நிலத்துக்காரியே வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும்போது என்னால் என்ன செய்ய முடியும் என்றார். ரிஜிஸ்டர் ஆகாத வரைக்கும் மனசு மாற வழி இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் இன்னும் சில நிலம் பார்க்க வேண்டியிருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே இந்த வழியாகத்தான் திரும்புவேன். அந்தம்மா இங்கே நின்று தன் வாயால் வேண்டும் என்று சொன்னால் எடுத்துவிட்டுப் போகிறேன். போனில் சொன்னால் செல்லாது.

“வருவாங்களா?” என்று கேட்டார்.

சந்திரம்மா தங்கவயலை விட்டு வந்தபிறகு கிணற்றடிப் பக்கம்கூடப் போனதில்லை என்பது ஷோபாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்த நிலத்துக்கே அவள் வருவதில்லை. வற்றிப்போன போர்வெல்லின் வாயைப் பார்த்தால்கூடத் தள்ளி நிற்பாள். மூட்டுவலி என்பாள். வீட்டில் எல்லாரும் மூட்டுவலி என்றே நம்பி, தைலம் வாங்கிக் கொடுத்தார்கள்.

“சார், அந்தச் சரிவு. விழுந்தாலும் ஏறி வரலாம்னு சொன்னீங்களே, அது நெஜம்தானே?”

“நெஜம்தான்மா. அதுக்குத்தான் சரிவு.”

அவள் தம்பியிடம் கை நீட்டினாள். வண்டிச் சாவி.

குணசேகர் கொடுக்கவில்லை. தூக்கமில்லாத கண்ணோடு கல் வரிசையைப் பார்த்தான். ஒரு கல்லைக் காலால் அசைத்தும் பார்த்தான்.

“நீ இந்த ரோட்ல ஓட்டினா போய்ச் சேர மாட்ட” என்றான். “ஏறு, நானே ஓட்றேன்.”

“அம்மா வேணாம்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும். ஆனா குழியப் பாத்துட்டு பயந்துபோய்ப் போட்ட கையெழுத்துல எனக்கு வாடகை வேணாம்க்கா. யார்டுதான் வேணும்னு அவங்க தெளிவா சொன்னா, அப்ப நான் உங்கூட சண்ட போடறேன்.”

பைக்கைக் கிளப்பும்போது கிழக்கு மூலையிலிருந்து சத்தம் கேட்டது. ஷோபா திரும்பினாள். ராட்டினத்தை இறக்கியாயிற்று. முட்டுக் கட்டைகள் வெளியே கிடந்தன. ராமலிங்கம் மண்வெட்டியால் குவியலை வாரிக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க வெட்டிய மனுஷன். வெட்டியதைத் தன் கையால் மூடியது இதுதான் முதல் தடவை. எத்திராஜ் ஏதோ கேலி சொல்லிப் பார்த்தார், அவர் சிரிக்கவில்லை.

“ஷோபா” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். “அவகிட்ட சொல்லு. நான் இனிமே எறங்க மாட்டேன்னு.”

“நீங்களே சொல்லுங்க நைனா. அதக் கேக்கத்தான் அவங்கள கூட்டிட்டு வரேன்.”

மண்பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு வெள்ளை ஜீப் எதிரே திரும்பியது. குணசேகரைப் பார்த்ததும் யார்டுக்காரன் கண்ணாடியை இறக்கிச் சிரித்துக் கையசைத்தான். பின்சீட்டில், மடியில் ஒரு பூப்போட்ட பையை இறுக்கிப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பை அம்மாவுடைய பை மாதிரி இருந்தது. ஆனால் அம்மா தொம்மலூர்க் குழாயடியில் அல்லவா இருக்கிறாள்? இப்போதுதானே பேசினாள்? போனில் கேட்டது குழாய்ச் சத்தமா, ஜீப் சத்தமா?

“வண்டியத் திருப்புடா” என்றாள் ஷோபா.